அரை விரல் பள்ளம்

என் அண்ணன் வேலைக்குப் படுத்துக்கொண்டே போகிறவன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். எனக்கு மட்டும் சுருக்கென்று கோபம் வரும். உனக்கு எதற்குத்தான் கோபம் வராது என்று கேட்கலாம். கேளுங்கள், அதற்கும் வரும்.

அவன் ஓட்டுவது படுக்கை சைக்கிள். சாய்வு நாற்காலியில் சாய்கிற மாதிரி முதுகைக் கொடுத்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம், நடுவில் நீளமாக ஒரு இரும்புக் குழாய், அதன் மேல் இருக்கை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. அதற்கு முன் நான்கு மாதம் இடது கால் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தான். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "இனிமே சாதாரண சைக்கிள் கூடாது" என்று சொல்லிவிட்டார். சைக்கிள் இல்லாவிட்டால் அண்ணனுக்கு வேலை இல்லை. ஏழு சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு, ஆற்றங்கரைச் சாலை வழியாகப் பெரிய பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பதுதான் அவன் வேலை. யாரோ வாங்கி ஓட்டத் தெரியாமல் கைவிட்ட இந்தப் படுக்கை சைக்கிளைத் தேடிப் பிடித்தது அண்ணி. அன்றைக்கு அதில் ஏறிப் படுத்தவன், பதினோரு வருஷம் மழை வெயில் பார்க்காமல் ஓட்டினான். ஒரு நாள் கூடப் பெட்டி நேரம் தவறிப் போனதில்லை.

நான் இருக்கை தைக்கிறவள். வேன், ஆம்புலன்ஸ், பல் டாக்டர் நாற்காலி, முடிவெட்டும் கடை நாற்காலி என்று மனிதர்கள் எங்கெல்லாம் பின்பக்கத்தை வைக்கிறார்களோ அங்கெல்லாம் எனக்கு வேலை உண்டு. எல்லோரும் என்னை ஊசி என்று கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பேர் என்று நான் சொல்லிக்கொள்வேன். வாயால் வந்த பேர் என்று அண்ணி சொல்வார்.

அண்ணி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தொழில் கற்ற புதிதில் அண்ணனுக்கு ஒரு கால்சட்டை தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இடுப்புல லேசா பிடிக்குது" என்றான். கழற்றச் சொல்லி வாங்கி, அவன் கண்ணெதிரிலேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டேன். அத்தோடு விட்டேனா? மூன்று மாதம் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று மாதம். அதற்குப் பிறகு இந்த இருபத்தைந்து வருஷத்தில் நான் எதைத் தைத்துக் கொடுத்தாலும் அண்ணன் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும்: "பிரமாதம்." என் கை அவ்வளவு சுத்தம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் சைக்கிள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பின் சக்கரத்தில் வாரத்துக்கு ஒரு ஸ்போக்ஸ் கம்பி படீரென்று தெறித்தது. இருக்கையின் ரெக்ஸின் வெடித்து, உள்ளே பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அண்ணன் இறங்கி நடந்தால் பின்னாலேயே மஞ்சள் தூளாகக் கொட்டும். சைக்கிளைக் கம்பியின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கம்பி என்பது ஆளின் பேர். அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவர், சக்கரம் கட்டுகிறவர். அவர் வண்டியைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. காலும் இடுப்பும்தான் போச்சு. மாத்திட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார்.

"வண்டியைச் சொல்றீங்களா, எங்க அண்ணனைச் சொல்றீங்களா?"

"ரெண்டும் ஒரே கேஸ்தானே, ஊசி. சக்கரம் என் பொறுப்பு. இருக்கை உன் பொறுப்பு. யார் வேலை ஜாஸ்தி நாள் நிக்குதுன்னு பார்த்துடலாமா?"

பந்தயம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பழைய இருக்கையை அன்றைக்கே கழற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் தொழிலில் நான் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. உட்காருகிறவனை அளக்காதே, அவன் உட்கார்ந்த இடத்தை அள. அளவெடுக்கும்போது எவனும் இயல்பாக உட்காரமாட்டான். வயிற்றை எக்குவான், முதுகை நிமிர்த்துவான், போட்டோ பிடிக்கப் போகிறவன் மாதிரி விறைப்பான். பழைய இருக்கையைப் பிரித்துப் பார்த்தால் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்துவிடும். எந்தப் பக்கப் பையில் பர்ஸ் வைக்கிறான், எந்தக் கால் மேல் எந்தக் கால் போடுகிறான், எல்லாம் பஞ்சில் பதிந்திருக்கும். மனுஷன் பொய் சொல்வான், பஞ்சு பொய் சொல்லாது. வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அண்ணன் பட்டறை வாசலில் நின்று கேட்டான்.

"நான் வேணா படுத்துக் காட்டட்டுமா?"

"நீ படுத்து என்ன ஆகப்போகுது? உன் பஞ்சே போதும். போய் ரெஸ்ட் எடு."

போய்விட்டான். நான் அட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பழைய பஞ்சின் மேல் அழுத்திக் காயவைத்து, அச்சு எடுத்தேன். எடுத்ததும் ஒன்று கண்ணில் பட்டது. இடது பக்கப் பள்ளம் வலதைவிட அரை விரல் ஆழம். பதினோரு வருஷம் படுத்துப் படுத்து அவனே தோண்டிய பள்ளம். வேறு யாராவது இருந்தால் பஞ்சு அமுங்கிப்போச்சு என்று இரண்டு பக்கமும் சமமாக வெட்டியிருப்பார்கள். நான் யார்? அந்த அரை விரலையும் விடவில்லை. அடியில் கெட்டிப் பஞ்சு, அதில் அச்சு அசலாக அதே பள்ளம், மேலே மெத்தென்ற பஞ்சு, அதற்கு மேல் வேர்வை தங்காத வலைத்துணி, ஓரம் முழுக்கச் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். சிவப்பு நூல் என் கையெழுத்து மாதிரி. முடித்து வைத்துவிட்டு நானே நாலு தடவை சுற்றி வந்து பார்த்தேன். என் கண்ணே பட்டிருக்கும்.

கம்பியும் புதுச் சக்கரங்களைக் கட்டி முடித்திருந்தார். ரிம் பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. அண்ணன் ஏறிப் படுத்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான்.

"எப்படி?" என்று நானும் கம்பியும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அண்ணன் இறங்கி, இடுப்பை ஒரு தடவை தடவிக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான்.

"பிரமாதம்" என்றான்.

சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து அண்ணி என் பட்டறைக்கு வந்தார். சும்மா வருகிறவர் இல்லை. வந்து, நான் பாதி பிரித்துப் போட்டிருந்த வேன் சீட்டில் உட்கார்ந்து, கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"உங்க அண்ணன் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"என்ன சொல்லணும்?"

"சனிக்கிழமை மத்தியானம் உள்ள வந்தாரு. இடது கால்ல செருப்பு இல்ல. எங்க செருப்புன்னு கேட்டேன். அப்பத்தான் குனிஞ்சு காலைப் பார்க்கிறாரு, ஊசி."

எனக்குக் கையிலிருந்த பிரிப்பூசி கீழே விழுந்தது.

"கேட் கிட்டதான் கிடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். அப்புறம் கட்டை விரலைக் கிள்ளிப் பார்த்தேன், தெரியலங்கிறாரு. ரெண்டு வாரமா இருக்காம். வண்டி ஓட்டிக் கால் மணி நேரத்துல மரத்துப்போகுதாம். மறைச்சிருக்காரு. வியாழக்கிழமை டாக்டர்கிட்டப் போறோம்."

அந்த டாக்டர் ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடம். மறுபடியும் மரத்துப்போனால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும், இரண்டாவது தடவை கால் முழுசாகத் திரும்பி வரும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

"வேலையை விட்டுடறேன்னு லெட்டர் எழுதிட்டாரு" என்றார் அண்ணி. "போஸ்ட் பண்ணச் சொல்லி என்கிட்டக் குடுத்தாரு. வண்டியைக் கொண்டுபோய்க் கம்பிகிட்ட விட்டுட்டாரு. யாருக்காவது ஆகும்னா குடுத்துடுன்னு சொல்லிட்டு வந்திருக்காரு."

சொல்லிவிட்டு அழுதார். அண்ணி அழுது நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். எனக்குத் துக்கம் வரும்போதெல்லாம் அது கோபத்தை உடுத்திக்கொண்டுதான் வரும். கால் மணி நேரத்தில் மரத்துப்போகிறதா? பழைய வண்டியில் பதினோரு வருஷம் வராதது, புது வண்டியில் இரண்டு வாரத்தில் வருகிறதா? புதிதாக மாறியது என்ன? சக்கரம். இருக்கையும் மாறியதுதான், ஆனால் அது நான் தைத்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, என் முயலுக்கு அன்றைக்கு ஒரு கால்தான்.

நேராகக் கம்பியின் கடைக்குப் போனேன்.

"எங்க அண்ணன் காலை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

கம்பி டயரில் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பம்பை அப்படியே நிறுத்தினார்.

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"உங்க சக்கரம் இழுக்குது. வண்டி ஒரு பக்கமா இழுத்தா அவன் கால் என்னத்துக்கு ஆகும்? கட்டத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கலாமே! போட்டியாம் போட்டி!"

வேறு ஆளாக இருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார்கள். கம்பி போய், சுவரோரம் சாத்தியிருந்த அண்ணனின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின் சக்கரத்தைக் கழற்றி, கோட்டம் பார்க்கும் சட்டத்தில் மாட்டிச் சுழற்றினார். அது ஓடுவதே தெரியவில்லை. அத்தனை நேராக ஓடியது. பிறகு வில் மாதிரி வளைந்த ஒரு இரும்பை எடுத்தார். அதன் இரண்டு நுனியும் ரிம்மில் உட்கார, நடுமுனை அச்சைத் தொட வேண்டும். ஒரு பக்கம் வைத்தார், தொட்டது. சக்கரத்தைத் திருப்பி மறு பக்கம் வைத்தார், தொட்டது.

"நூல் பிசகல. பார்த்துக்கோ. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

அந்தப் பழமொழி எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது.

"அப்போ பழைய சக்கரத்துல மட்டும் பதினோரு வருஷம் ஏன் ஒண்ணும் ஆகல? அதை மாட்டுங்க. அதையும் பார்க்கலாம்."

"அது கழிச்சுப் போட்டதும்மா."

"மாட்டுங்கன்னா மாட்டுங்க."

கொக்கியில் தொங்கிய பழைய சக்கரத்தை எடுத்து மாட்டினார். அதுவும் கோட்டம் இல்லாமல்தான் ஓடியது. கம்பி ஒரு மாதிரி இளக்காரமாக என்னைப் பார்த்துக்கொண்டே வளைவு இரும்பை வைத்தார். தொட்டது. திருப்பி வைத்தார். தொடவில்லை. முனைக்கும் அச்சுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

கம்பி மறுபடியும் வைத்துப் பார்த்தார். மூன்றாம் தடவையும் வைத்தார். முகத்திலிருந்த இளக்காரம் போய்விட்டது.

"நடுவுலயே இல்ல" என்றார். "சுத்துறது நேராத்தான் சுத்துது. ஆனா மொத்தமா இடது பக்கம் தள்ளி நிக்குது. எவனோ ஆரம்பத்துலயே தப்பாக் கட்டியிருக்கான். பதினோரு வருஷமா நான்தானே இதுக்குக் கோட்டம் எடுக்கறேன்... ஒரு தடவை கூட நடு பார்க்கல, ஊசி. ஆடுதான்னு மட்டும் பார்த்தேன்."

"எவ்வளவு தள்ளி நிக்குது?"

"ஒரு அரை விரல்."

நான் அச்செடுத்த பள்ளமும் அதே அரை விரல்தான்.

"சக்கரம் இடது பக்கம் தள்ளி இருந்தா ஓட்டறவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கனத்தை அந்தப் பக்கம் சாய்ச்சுக்குவான். சாய்ஞ்சாத்தான் வண்டி நேராப் போகும். நம்ம ஆளு தன்னை அறியாமலே சாய்ஞ்சு ஓட்டியிருக்கான்."

கவிழ்ந்து கிடந்த சைக்கிளை நான் தனியாகவே நிமிர்த்தினேன். புது இருக்கையின் வலைத்துணி மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். இடது பக்கம் கை இறங்கியது, வலது பக்கம் தடுத்தது. பழைய பஞ்சாவது நொய்ந்த பஞ்சு. அவன் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது, நிமிர்ந்தால் நிமிர விட்டது. நான் வைத்ததோ கெட்டிப் பஞ்சு. சக்கரம் நேரான பிறகும், நேராகப் படுக்கப் பார்க்கிறவனை இடுப்பைப் பிடித்து இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பஞ்சு பொய் சொல்லவில்லைதான். எவனோ தப்பாகக் கட்டிய சக்கரத்தின் கதையை அது சொல்லியிருக்கிறது, நான் அதை என் அண்ணனின் உடம்பு என்று நினைத்துத் தைத்துவிட்டேன்.

"கம்பி, நான்தான்" என்றேன். சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருந்தது. "அந்தப் பள்ளத்தை அப்படியே எடுத்து வச்சுட்டேன்."

அவர் வெற்றி பெற்ற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். அப்புறம் சொன்ன விஷயம்தான் என்னைக் கொன்றது.

"உங்க அண்ணன் போன வாரம் வந்து, வண்டி கொஞ்சம் இழுக்குதோன்னு கேட்டான். நான் சக்கரத்தைப் பார்த்துட்டு, அதுல ஒண்ணும் இல்ல, இருக்கையா இருக்குமோன்னு சொன்னேன். 'சேச்சே, ஊசி தைச்சதுல தப்பு வராதுடா. என் முதுகுதான் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு'ன்னான். நான் எவ்வளவோ சொன்னேன். 'அவகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத'ன்னு சத்தியம் வாங்காத குறையா சொல்லிட்டுப் போனான்."

அண்ணன் வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. அவன் கூடத்து மேஜையில் ரத்தப் பெட்டியை வைத்து, அதன் வார்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். திருப்பிக் கொடுக்கப் போகிற பெட்டி. கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம். அண்ணி ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"அண்ணா, இருக்கை கோணல். நான் கோணலா தைச்சுட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்து, ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்பது போலச் சிரித்தான்.

"சும்மா எதையாவது சொல்லாத. உன் தையல்ல போய்..."

"பேசாத. கேளு."

சக்கரத்தையும் அரை விரலையும் சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"உனக்கு முதல் நாளே தெரியும், இல்ல?" என்றேன்.

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி காப்பாற்ற வரவில்லை.

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. பழகிடும்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"ஆசையா தைச்சுக் குடுத்த..."

"கால் போயிடும் அண்ணா! மறுபடியும் கத்தி வைப்பாங்க!"

"கத்தி வச்சா ரெண்டு மாசத்துல எழுந்துடலாம். நீ கோவிச்சுக்கிட்டா மூணு மாசம் ஆகும்" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

"நிஜமாவே நம்பினேன், ஊசி. நீ தப்பா தைப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல. முதுகுதான் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாத்தினது. அதனால அது மேல சந்தேகம் வந்துச்சு."

தன் முதுகெலும்பைவிட என் தையலை நம்பியிருக்கிறான். இதைக் கேட்டுப் பெருமைப்பட வேண்டியவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கால்சட்டையை வெட்டிப் போட்டு இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதனின் வாயைத் தைத்து வைத்திருக்கிறேன். அந்தத் தையல் மட்டும் எங்கேயும் பிரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழகாக அழத் தெரியாது. மூக்கு ஒழுகியது. அண்ணி ரத்தப் பெட்டி துடைத்த துணியையே நீட்டினார், அதையும் வாங்கிக்கொண்டேன்.

"அந்தக் கால்சட்டை இடுப்புல பிடிச்சது வாஸ்தவம்தான்" என்றேன். "வெட்டும்போதே எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றான் அண்ணன்.

மறுநாள் அவனை என் பட்டறையில், துணி வெட்டும் மேஜை மேல் படுக்க வைத்தேன். தொழிலுக்கு வந்து முதல் தடவையாக, உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டு ஆளை அளந்தேன். கழுத்திலிருந்து கீழே வரை நூலை இழுத்துப் பிடித்து, இடுப்பெலும்பு இரண்டும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். இரண்டும் ஒரே தூரம். என் அண்ணன் நேராகத்தான் இருந்தான். ஆபரேஷன் தழும்பு என் ஆள்காட்டி விரல் நீளம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

"கூச்சமா இருக்கு ஊசி, சீக்கிரம் முடி."

"வயித்தை எக்காத. இயல்பாப் படு."

வியாழக்கிழமை டாக்டரிடம் நானும் போனேன். அவர் சுத்தியலால் தட்டினார், குத்திப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். நான் இருக்கை விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். இடுப்பருகே நரம்பு அழுந்தினாலும் இப்படி மரத்துப்போகலாம் என்றார். "இருக்கையை மாத்தி ரெண்டு வாரம் ஓட்டட்டும். முதல்ல கொஞ்சம் கொஞ்சமா. அப்பவும் மரத்துப்போச்சுன்னா ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷனைப் பத்திப் பேசுவோம்." ஆக எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் இருந்தது. அண்ணன் பரிசோதனைக் கூடத்தில் லீவு கேட்டு வேறு கடிதம் எழுதினான். வேலையை விடும் கடிதத்தை அண்ணி தபாலில் போடவே இல்லை, கைப்பையில் மடித்து வைத்திருந்தார்.

புதுப் பஞ்சு வெட்டினேன். இரண்டு பக்கமும் சமம். அண்ணன் ஏறிப் படுத்ததும், "வலது பக்கமா விழற மாதிரி இருக்கு" என்றான். கம்பி வண்டியின் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கே" என்றார். பதினோரு வருஷம் கோணலாகப் படுத்தவனுக்கு நேர்தான் கோணலாகத் தெரிந்தது. முதல் நாள் தெருமுனை வரை. மூன்றாம் நாள் பாலம் வரை. கம்பி பழைய சைக்கிள் ஒன்றில் பின்னாலேயே போய், "சாயாதடா! சாயாதடா!" என்று கத்திக்கொண்டே வருவார். தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன்.

நான் தினமும் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தான். ஐந்தாம் நாள் மரத்துப்போனது. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் விரல் நுனி மட்டும் என்றான். பன்னிரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினான்காம் நாள் காலை, காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏழு கிளினிக் வாசலையும் தொட்டு, ஆற்றங்கரைச் சாலை வழியாகப் பரிசோதனைக் கூடம் வரை போய், என் பட்டறை வாசலுக்குத் திரும்பி வந்தான். முழு வழி. ஐம்பது நிமிஷம். நானும் அண்ணியும் கம்பியும் வாசலிலேயே நின்றிருந்தோம். வண்டி நின்றது. அவன் இறங்குவதற்குள் நான் குனிந்து இடது கால் செருப்பைக் கழற்றி, கட்டை விரலில் ஊசியால் குத்தினேன்.

"ஆ! பைத்தியமா நீ!"

துள்ளிய காலால் என் தோளில் ஒரு உதை விட்டான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கம்பி அந்தப் பக்கம் திரும்பி, ஒன்றும் இல்லாத டயரை அழுத்திப் பார்த்தார். தோள் வலித்தது. வாழ்க்கையில் ஒரு வலியை நான் இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டதே இல்லை.

அவன் எழுந்து நின்றான். இரண்டு காலிலும் சமமாக நின்றான்.

"இருக்கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பிர..."

நான் ஏப்ரன் பையிலிருந்து, துணியில் வெட்டுக்கோடு போடும் சாக்பீஸை எடுத்து நீட்டினேன்.

"எங்க பிடிக்குதோ அங்க கோடு போடு."

சாக்பீஸை வாங்கினான். இருக்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு என் இடுப்பில் தொங்கிய கத்தரிக்கோலைப் பார்த்தான். கத்தரிக்கோலைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்தேன். வலது தோள்பட்டை படும் இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டான். "ம், அடுத்தது" என்றேன். தொடைக்குக் கீழே விளிம்பில் இன்னொரு கோடு, இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக. இரண்டும் சரியான இடம். நானே அங்கே கை வைத்துப் பார்த்தேன், இடித்தது.

"வேற?"

கத்தரிக்கோல் இன்னும் அண்ணி கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். அப்புறம் துணிந்து, ஓரத்தில் ஓடிய சிவப்புத் தையல் மேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமாக இழுத்தான்.

"இங்க என்ன? இங்க எதுவும் இடிக்காதே!"

"இடிக்கல. சிவப்பு நூல் எனக்கு எப்பவுமே பிடிக்காது, ஊசி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வருஷமாக எல்லாவற்றுக்கும் சிவப்பு நூல் போட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னானா? என்ன கலர் வேண்டும் என்று கேட்டேன். சாம்பல் என்றான். வாசல்படியில் உட்கார்ந்து, இருக்கையை மடியில் வைத்துக்கொண்டு, பிரிப்பூசியை எடுத்து முதல் தையலைப் பிரித்தேன்.